விண்ணைத் தமிழில் எழுதியவர்

ஒரு மொழியைப் பேசுவோர் தம் மாநிலத்து எல்லைக்கு அப்பால் வாழும்போது, அம்மொழியின் எப்பகுதி முதலில் தேய்கின்றது என்பது சிந்தித்தற்குரிய வினாவாகும். தாலாட்டும் பழமொழியும் திருவிழாப் பாட்டும் எளிதில் மறைவதில்லை. உலகியல் அறிவைக் கூறும் சொற்களே முதற்கண் நம் நாவைவிட்டு நீங்குகின்றன.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு முனையில், கோவை மாவட்டத்தை ஒட்டியுள்ள எருத்தேன்பதியைச் சான்றாகக் கொள்வோம். சித்தூர் வட்டத்தைச் சார்ந்த இச்சிற்றூர், 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் கேரளத்தின் பகுதியாயிற்று. இங்கு வாழும் தமிழர் தலைமுறை தலைமுறையாக அம்மண்ணிலே உழுது உண்பவர். எனினும், பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய தமிழரை எதிர்நோக்கும் வினாவே இவர்களையும் எதிர்நோக்குகின்றது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, அணுவைப் பற்றியும் விண்மீனைப் பற்றியும் எம்மொழியில் சிந்திக்கும்? பௌதிகத்தைத் தமிழில் கூற இயலாதெனின், தமிழ் அடுக்களைக்கு மட்டும் உரிய மொழியாகச் சுருங்கிவிடாதா?

இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்தவர் பெ. நா. அப்புஸ்வாமி அவர்கள். 1891ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த இவர், தொழிலால் வழக்கறிஞர். நாவலாசிரியர் அ. மாதவையா இவர்தம் உறவினர். அவர் நடத்திய ‘தமிழர் நேசன்’ இதழில் 1917ஆம் ஆண்டு அப்புஸ்வாமியின் முதல் அறிவியல் கட்டுரை வெளியாயிற்று. அன்று எடுத்த எழுதுகோலை அவர் 1986இல் மறையும் காலம்வரை கீழே வைக்கவில்லை. ‘அற்புத உலகம்’, ‘மின்சாரத்தின் விந்தை’, ‘வானொலியும் ஒலிபரப்பும்’ முதலிய நூல்கள் அவர் நமக்கு விட்டுச் சென்ற செல்வங்களாம்.

அவர் எழுதத் தொடங்கிய காலம் எத்தகையது? தூய அறிவியலுக்குத் தமிழில் சொல் உண்டா என்பதே வழக்காக இருந்த காலம் அது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் அவர்தம் நண்பர்களும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைக் கழகத்தைத் தொடங்கிக் கலைச்சொல் தொகுக்க முனைந்தனர். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்கள் நூலொன்றை வெளியிட்டது. வடசொல்லா, தனித்தமிழா, ஆங்கிலச் சொல்லா என்ற பூசல் நெடுங்காலம் நீடித்தது. பௌதிகம் என்பது இயற்பியலாயிற்று, பிராணவாயு உயிர்வளியாயிற்று. அறிஞர்கள் சொல்லைப் பற்றி வாதிட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இருக்கும் சொல்லைக் கொண்டு எழுதிக் காட்டினவர் அப்புஸ்வாமி. பூசல் தீரட்டும் என்று காத்திருந்தால், ஒரு தலைமுறை ஒன்றும் அறியாமலே முதிர்ந்திருக்கும்.

அந்த எழுபதாண்டுக் காலத்தில் பௌதிகம் அடைந்த மாறுதல் வியப்பிற்குரியது. 1919இல் சூரிய கிரகணத்தின்போது விண்மீனொளி வளைவது அளக்கப்பெற்று, ஐன்ஸ்டைனின் கொள்கை நிலைபெற்றது. 1929இல் பிரபஞ்சம் விரிகின்றது என்பதற்கு ஹப்பிள் சான்று அளித்தார். 1965இல் அண்டம் எங்கும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. நாளிதழில் ஒரு மூலையில் வரும் இத்தகைய செய்திகளை, பள்ளிப் படிப்பைத் தாண்டாதவரும் உணருமாறு கூறுதல் எளிய பணியன்று.

அப்பணியின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்று கூறினால், எண் மட்டுமே செவியில் விழும். மார்கழி இரவில் நாம் காணும் திருவாதிரை மீனின் செவ்வொளி, சில நூறு ஆண்டுகளுக்கு முன், நம் பாட்டனுக்கும் முப்பாட்டன் காலத்தில் புறப்பட்டது என்று கூறினால், தொலைவு என்பது காலமாகி உள்ளத்தில் பதியும். தமிழரும் மலையாளிகளும் விழாவெடுக்கும் மீன் அது. தெரிந்த ஒன்றைக் கைவிளக்காகக் கொண்டு தெரியாததைக் காட்டுவதே மக்களுக்கு அறிவியல் கூறும் முறையாகும்.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகத்தில் பெரும் பங்கு கொண்ட தமிழர் பலர் தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்தவர். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன், அரசாங்க நிதித்துறை அலுவலராக 1907இல் கல்கத்தா சென்றார். 1928இல் தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவை அங்கேயே கண்டார். அவர்தம் தமையனார் மகனான சுப்பிரமணியன் சந்திரசேகர், தந்தையார் ரயில்வே பணியில் இருந்த லாகூரில் 1910இல் பிறந்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுடையதாயின், வெண்குறுமீனாக நிலைத்து நிற்க இயலாது என்று 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே கணித்தார். 1935இல் எடிங்டன் அதனை ஏளனம் செய்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது. சந்திரசேகரின் அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் பெயர்த்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

கண்டவர் வெளியூரில் இருந்தனர். கண்டதை எழுதியது ஆங்கிலத்தில். அதனைத் தமிழ் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவரும் பொறுப்பை அப்புஸ்வாமி போன்றோர் ஏற்றனர். எருத்தேன்பதிக்கு அண்மையிலுள்ள கோவையிலும் அப்பணி சிறந்தது. ஜி. ஆர். தாமோதரன் அங்கிருந்து ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் திங்களிதழை வெளியிட்டார். அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இருவரும் கொங்கு நாட்டவரே.

1910இல் ஹாலி வால்மீன் தோன்றியபோது பாரதியார் அதனைப் பாட்டில் வைத்துப் பாடினார். அவ்வால்மீன் மீண்டும் வந்த 1986ஆம் ஆண்டிலேயே அப்புஸ்வாமி மறைந்தார். அடுத்து அது 2061இல் வரும். அன்று அதனைக் காணும் எல்லைப்புறத்துப் பிள்ளையும் அயல்மாநிலத்துப் பிள்ளையும் அதன் வரலாற்றைத் தமிழில் கேட்குமா என்பது நம்மைப் பொறுத்தது. மாலையில் முற்றத்தில் நின்று ஒரு மீனைச் சுட்டி, அதன் கதையைத் தமிழில் கூறும் பெற்றோர் ஒவ்வொருவரும் அப்புஸ்வாமியின் பணியைத் தொடர்பவரே ஆவர்.