பாட்டை முடிக்கவிடாத அண்ணன்

சிரிப்புத் தட்டுகள் – 9

பாப் நியூஹார்ட்டின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்குமுன் இரவு விடுதி மேடையே ஏறியிராத முன்னாள் கணக்கர், ஹூஸ்டனில் ஒலிவாங்கி முன் நின்று பேசியது 1960-ல் இசைத்தட்டாக வந்து பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன்பிறகு இசைத்தட்டு நிறுவனங்கள் சும்மா இருக்குமா? பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக விடுதிகளைத் தேடிக் கிளம்பின. மெர்க்குரி நிறுவனத்துக்கு அப்படிக் கிடைத்தவர்கள் ஒரு அண்ணனும் தம்பியும். டாம் ஸ்மதர்ஸ், டிக் ஸ்மதர்ஸ். அண்ணன் கையில் கிதார், தம்பி கையில் ஆளுயர பேஸ். 1961-ல் வெளியான முதல் தட்டின் பெயரிலேயே இடமும் இருந்தது: 'பர்ப்பிள் ஆனியன்'.

சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியில், கொலம்பஸ் அவென்யூவில், படியிறங்கிப் போகவேண்டிய ஒரு நிலவறை விடுதி அது. சுமார் எண்பது பேர் உட்காரலாம். ஐம்பதுகளில் மாயா ஏஞ்சலோ அங்கே கலிப்ஸோ பாடினார். எழுத்தாளராக அவரை உலகம் அறியும் முன்பு. ஐந்து பிள்ளைகளின் தாயான இல்லத்தரசி ஃபிலிஸ் டில்லர் நகைச்சுவைக்காரராக அறிமுகமானதும் அங்கேதான், 1955-ல். ஸ்மதர்ஸ் சகோதரர்கள் 1959-ல் வந்து சேர்ந்தபோது இன்னொரு பாடகரோடு மூவராக இருந்தார்கள். அவர் விலகினார், இருவர் மிஞ்சினார்கள்.

அன்றைய நாட்டுப்பாடல் மோகத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தட்டைக் கேட்டால் பாதி சிரிப்புதான் வரும். வட கரோலைனாவில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண்ணைக் கொன்றதாக டாம் டூலா என்பவரை 1868-ல் தூக்கிலிட்டார்கள். அந்த வட்டாரத்தில் வாய்வழியாக உலவிய கதைப்பாட்டைக் கிங்ஸ்டன் ட்ரியோ என்ற மூவர் 1958-ல் 'டாம் டூலி' என்று பாடிப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். அதோடு கல்லூரிப் பையன்களெல்லாம் கிதார் வாங்கினார்கள். சுரங்கத்தையே பார்க்காதவர்கள் சுரங்கத் தொழிலாளியின் துயரத்தைப் பாடினார்கள். பாடுவதற்கு முன்னால் ஒரு முன்னுரை வேறு: இந்தப் பாட்டு எந்த மலையில் பிறந்தது, எந்தக் கிழவியிடம் சேகரித்தது, எந்தப் பஞ்சத்தில் பாடியது. ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் பதிவுக் கருவியோடு சிறைகளுக்கும் பண்ணைகளுக்கும் அலைந்து சேர்த்த அறிவு, விடுதி மேடையில் ஒரு சடங்காகிவிட்டிருந்தது.

டாம் ஸ்மதர்ஸ் கைவைத்தது அந்த முன்னுரையில்தான். பாட்டின் பூர்வீகத்தைச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பார். நாலாவது வாக்கியத்திலேயே தடம் புரளும். ஊர் மாறும், நூற்றாண்டு மாறும், எங்கிருந்தோ ஒரு மிருகம் வந்து நுழையும். திக்குவார், விழிப்பார், தான் சொன்னதைத் தானே நம்பாதவர்போலக் கூட்டத்தைப் பார்ப்பார். பேஸைப் பிடித்தபடி பொறுமையாக நிற்கும் தம்பி, அது அப்படியில்லை என்று திருத்துவார். அண்ணனுக்கு ரோஷம் வரும். ஒருவழியாகப் பாட்டு தொடங்கும், நடுவில் அண்ணன் ஒரு சொல்லை மாற்றிப் போடுவார், தம்பி வாத்தியத்தை நிறுத்துவார், மறுபடியும் வாக்குவாதம். நம் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டுக் கதையை முன்னே தள்ளுவார். இங்கே 'இல்லை' போட்டுத்தான் கதை நகர்கிறது.

இந்த விளையாட்டு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. பாடும்போது இருவரும் உண்மையிலேயே நன்றாகப் பாடவேண்டும். பாடினார்கள். தம்பியின் குரல் தெளிவு, அண்ணனின் குரல் அதன்மேல் இழையும், சுருதி பிசகுவதில்லை. நல்ல பாட்டு ஒன்று பாதியில் நின்றுபோகிறதே என்ற சின்ன ஏமாற்றம் கேட்பவருக்கு வந்தால்தான் நின்ற இடத்தில் சிரிப்பு வரும். 1962-ல் வந்த அடுத்த தட்டில் ஒரு பக்கத்தை வேடிக்கை இல்லாத பாட்டுகளுக்கே ஒதுக்கினார்கள். கேலி செய்தவர்களுக்குக் கேலிப்பொருளின் மீது ஆசை இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. குறுக்கே பேச ஆளில்லாத ஸ்மதர்ஸ் பாட்டு, நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

'மேரா நாம் அசடு' என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் நின்ற டாம்தான் நிஜத்தில் இருவரின் மூளை. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது எல்லாம் அவர் கணக்கு. மேடையில் கெட்டிக்காரத் தம்பியாக வந்த டிக்குக்குக் கார் பந்தயத்தில்தான் மோகம். 1961 தொடக்கத்தில் ஜாக் பாரின் தொலைக்காட்சி இரவு நிகழ்ச்சியில் தோன்றியதும் நாடு முழுக்க முகம் தெரிந்தது. பிறகு ஏறக்குறைய வருடம் தவறாமல் தட்டுகள். நாட்டுப்பாடகர்களின் இனப்பெருமைப் பேச்சை 1963-ல் ஒரு தட்டின் தலைப்பிலேயே குத்தினார்கள். அம்மாவுக்கு உன்மேல்தான் பாசம் என்று டாம் தம்பியிடம் பொருமும் வசனம் 1965-ல் ஒரு தட்டின் பெயராகவே ஆனது.

அந்த அம்மா கலிபோர்னியாவில் பிள்ளைகளை வளர்த்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் சிக்கி, போர்க்கைதியாகவே 1945-ல் இறந்தார். தட்டுகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த வருடங்களில் அரசியலே அவர்களிடம் கிடையாது என்றுகூடச் சொல்லலாம். முதல் தட்டு வந்த அதே 1961-ல்தான், நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்த நாட்டுப்பாடகர் பீட் சீகரை நீதிமன்றம் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானபிறகும் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

திறந்தவர்கள் இந்தச் சகோதரர்கள். 1967 பிப்ரவரியில் சி.பி.எஸ். அவர்களுக்கு ஞாயிறு இரவில் ஒரு மணி நேரம் கொடுத்தது, எதிரே என்.பி.சி.யில் 'பொனான்சா', யாராலும் அசைக்க முடியாத நிகழ்ச்சி. கோட்டு சூட்டு போட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் இவர்கள் என்று நிறுவனம் நம்பியது. அந்த செப்டம்பரில் சீகரை அழைத்து வந்தார்கள். ஆழம் தெரியாத ஆற்றில் படையை இறக்கும் தலைவனைப் பற்றி அவர் பாடினார். பாட்டில் வரும் வருடம் 1942. வியட்நாம் என்ற பெயரே இல்லை. ஜனாதிபதி ஜான்சனைத்தான் சொல்கிறது என்று தணிக்கையாளர்களுக்குப் புரிந்துவிட்டது, வெட்டினார்கள். சகோதரர்கள் பத்திரிகைகளிடம் முறையிட்டார்கள். 1968 பிப்ரவரியில் சீகர் மறுபடி வந்து முழுப்பாட்டையும் பாடினார். இந்த முறை ஒளிபரப்பானது.

பர்ப்பிள் ஆனியன் மேடைப் பழக்கம் இங்கே எப்படி வேலை செய்தது என்பதுதான் எனக்கு வியப்பு. பாட்டை நடுவில் நிறுத்தினால் நிறுத்தியவனையே கூட்டம் பார்க்கும் என்பதைப் பல வருடம் மேடையில் பழகியவர் டாம். இப்போது நிறுத்துகிறவன் தம்பி அல்ல, நிறுவனம். வெட்டு விழுந்தால் அது அடுத்த வாரச் செய்தி. தணிக்கையாளரும் தனக்குத் தெரியாமலே இந்த இரட்டையரில் மூன்றாவது ஆளாகிவிட்டார். ஹாரி பெலஃபாண்டே பாட, பின்னால் 1968 சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் கலவரக் காட்சிகள் ஓடும் ஒரு பகுதியை முழுசாகவே எடுத்துவிட்டார்கள். 1969 ஏப்ரலில், ஒளிநாடா குறித்த நேரத்தில் வந்து சேரவில்லை என்று காரணம் சொல்லி நிகழ்ச்சியையே நிறுத்தியது சி.பி.எஸ். அதே வருடம் அதற்கு எழுத்துக்கான எம்மி விருது கிடைத்தது. பெற்றவர்களில் ஸ்டீவ் மார்ட்டின் என்ற இளைஞரும் ஒருவர். தன் பெயர் இருந்தால் விருது கைநழுவும் என்று டாம் பட்டியலில் பெயரே கொடுக்கவில்லை. அவருக்கான எம்மி 2008-ல்தான் வந்தது. ஒப்பந்தத்தை மீறியதற்காக நிறுவனத்தின்மேல் போட்ட வழக்கில் 1973-ல் சகோதரர்கள் வென்றார்கள். தீர்ப்பான இழப்பீடு சுமார் 7,76,000 டாலர்.

பிறகும் பல பத்தாண்டுகள் அதே கிதார், அதே பேஸ், அதே சண்டையோடு மேடையேறினார்கள். டாம் 2023 டிசம்பரில் காலமானார்.

அடுத்த வாரம்: ஜனாதிபதி கென்னடியின் குரலில் பேசிய வான் மீடர். 1962-ன் கடைசியில் வெளியாகி லட்சக்கணக்கில் விற்ற ஒரு தட்டு, கென்னடி கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22-க்குப் பிறகு கடைகளிலிருந்து காணாமல் போன கதை.