இடைவிட்ட வேலையும் இடையறாத பேரேடும்: திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் தற்காலிக ஊழியத்தின் எதிர்காலம்

திருவெறும்பூர்த் தொழிற்சாலை வாயிலில் கேட் பாஸைக் காட்டி உள்ளே நுழையும் ஒப்பந்தத் தொழிலாளியையும், ஆண்டுக்கு ஆண்டு மறு நியமன உத்தரவை எதிர்பார்த்து நிற்கும் கௌரவ விரிவுரையாளரையும், தில்லை நகர் முனையில் கைப்பேசிச் செயலியின் அழைப்புக்காக வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் இளைஞரையும் தற்காலிக ஊழியர் என்ற ஒரே பெயரால் வழங்குவது அரசாங்க அறிக்கைகளுக்குச் சௌகரியமாக இருக்கலாம். ஆயின், அப்பெயர் அம்மூவருடைய நிலைமையையும் விளக்குவதைவிட மறைப்பதே அதிகம். இவ்விஷயம் பற்றி நடைபெறும் வாதங்களில் இரண்டு கட்சிகளைக் காண்கிறோம். நிரந்தர உத்தியோகத்தின் காலம் முடிந்துவிட்டது, சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஆட்களைச் சேர்க்கவும் விடுவிக்கவும் முதலாளிக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது ஒரு கட்சி. எல்லோரையும் நிரந்தரமாக்குவதொன்றே நியாயம் என்பது மற்றொன்று. வேலை விட்டுவிட்டு வருமாயின் வேலை தருபவருக்கும் செய்பவருக்குமுள்ள சம்பந்தமும் விட்டுப்போக வேண்டும் என்னும் அனுமானத்தை இரு கட்சியாரும் பரிசோதியாமலே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த அனுமானம் பிழையானது என்பதும், தற்காலிக ஊழியத்தின் எதிர்காலம் வேலையின் கால அளவைப் பொறுத்ததன்று, செய்த நாள்களின் கணக்கு யார் கையில் இருக்கிறது, வேலையில்லாத நாளின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்னும் இரு கேள்விகளைப் பொறுத்தது என்பதும் இக்கட்டுரையின் கட்சியாகும்.

ஆள் சேர்த்து அனுப்பும் தொழில் இந்நகருக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டத் துரைமார் தங்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு வேண்டிய தொழிலாளரைத் திரட்டுவதற்காக 1904-ல் நிறுவிய சிலோன் லேபர் கமிஷன் என்னும் ஸ்தாபனம் திருச்சிராப்பள்ளியையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. கிராமங்களில் ஆள் பிடித்தவர் கங்காணி. பயணச் செலவுக்கும் வீட்டுக் கடனுக்கும் முன்பணம் கொடுத்தவரும் அவரே. தமக்குக் கீழுள்ள ஆட்களில் அன்றன்று வேலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைப்படி தலைக்கு இவ்வளவு காசு என்று தலைக்கங்காணி தோட்டத்திலிருந்து பெற்றுவந்தார். 1901 முதல் வழக்கத்துக்கு வந்த தகர டிக்கெட் முறையில், எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கிற்று. வழிச்செலவு முழுவதும் அந்த எண்ணின் பேரிலே எழுதப்பட்டது. தொழிலாளியைப் பற்றி நாள் தவறாமல் எழுதப்பட்ட கணக்கு கடன் கணக்கு ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. துண்டு என்று வழங்கிய சீட்டு அதன் உச்சநிலை: இன்ன தொகையைச் செலுத்துவோர் இந்தக் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் அழைத்துச் செல்லலாம் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுக்க, மற்றொரு துரை அந்தக் கடனைத் தீர்த்து அத்தனை பேரையும் தம் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டார். 1921-ல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆள் தருபவருடைய லாபம் ஆளின் தலையெண்ணிக்கையைப் பொறுத்திருக்கும்போது, ஆளின் சரித்திரத்தை எழுதி வைப்பதில் அவருக்கு எவ்வித அக்கறையும் இருக்க நியாயமில்லை என்பதை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று காவிரிக்கு அக்கரையிலேயே, அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியே இருந்தது. திருவரங்கம் பெரிய கோயிலின் வேலை, இயல்பிலேயே விட்டுவிட்டு வருவது. மார்கழி அத்யயன உற்சவத்தில் பகல் பத்தும் இராப் பத்துமாகப் பெருகும் வேலை, அடுத்த சில வாரங்களில் வற்றிவிடுகிறது; பெருமாள் புறப்பாடு உள்ள நாளில் வாகனம் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்குவோர் பலர் வேண்டும், இல்லாத நாளில் வேண்டியதில்லை. உடையவர் என்னும் இராமாநுஜர் இக்கோயிலின் பணிகளைப் பத்துக் கொத்துகளாக வகுத்து அமைத்தார் என்று கோயில் வரலாற்று நூலாகிய கோயிலொழுகு கூறுகிறது. அந்த அமைப்பிலும் அதைத் தொடர்ந்து வந்த முறைக்காரர் வழக்கத்திலும் ஒரு குடும்பத்துக்கு முறை வரும் நாள்கள் சிலவே. எனினும் முறை வராத நாளில் அக்குடும்பத்தார் கோயிலுக்கு அந்நியராகிவிடவில்லை. பெயர் ஏட்டில் இருந்தது. பிரசாதத்திலும் மானியத்திலும் பங்கு இருந்தது. அடுத்த முறை எப்போது என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது. வேலை துண்டுபட்டும் உறவு துண்டுபடாமல் ஒரு பெரிய ஸ்தாபனம் நடக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. இதை மீட்டெடுக்க வேண்டிய இலட்சியமாக நான் கூறவில்லை. அந்த ஏட்டில் பெயர் ஏறுவதற்குப் பிறப்பே தகுதியாக இருந்தது. பரம்பரை உரிமையை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு அறநிலையத் திருத்தச் சட்டம் நீக்கியதும், சேஷம்மாள் வழக்கில் 1972-ல் உச்சநீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டதும் சரியானவையே. ஆனால் பிறப்புரிமையை நீக்கிய நாம், அதனோடு ஒட்டியிருந்த பேரேட்டையும் இழந்துவிட்டோம். இன்று வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காகத் தடுப்புக் கட்டவும் குப்பை வாரவும் செருப்புக் காக்கவும் நாள்கூலிக்கு வருபவருக்கு, சென்ற ஆண்டும் அவரே வந்தார் என்பதற்கு எந்த எழுத்துச் சான்றும் கையில் இல்லை.

பிறப்பைச் சாராத பேரேடு சாத்தியமா என்று ஐயுறுவோர் பொன்மலையைப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்து ரயில்வே பட்டறை இங்கு மாற்றப்பட்ட காலத்தில், ஆட்குறைப்பை எதிர்த்து 1928-ல் தென்னிந்திய ரயில்வேயில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. நிரந்தரத் தொழிலாளரின் அந்தப் போராட்டம் சரித்திர நூல்களில் இடம் பெற்றிருக்கிறது. தண்டவாளம் போடவும் பாலம் கட்டவும் வந்து, வேலை முடிந்ததும் விடுவிக்கப்பட்ட கேஷுவல் தொழிலாளரின் கதையோ பெரும்பாலும் கோர்ட்டுக் கட்டுகளில் மட்டும் கிடக்கிறது. 1985-ல் இந்தர்பால் யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம், திட்டப் பணிகளில் 360 நாள் தொடர்ந்து உழைத்தவர்களைப் படிப்படியாகத் தற்காலிக ஊழியராக அங்கீகரிக்கும் திட்டத்தை ஏற்று, சேவை நாள்களின் வரிசைப்படி கோட்டந்தோறும் பட்டியல் தயாரிக்கவும், கடைசியில் வந்தவரை முதலில் விடுவிக்கவும் விதித்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் தட்சிண ரயில்வே எம்ப்ளாயீஸ் யூனியன் தொடுத்த வழக்கில், 1981-க்கு முன்பே விடுவிக்கப்பட்டவர்களும் ஆதாரம் காட்டி விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. ஆதாரமாவது யாது? வேலைக்கு வந்த தேதியும் விட்ட தேதியும் மேற்பார்வையாளர் கையொப்பத்தோடு எழுதப்பட்ட கேஷுவல் கார்டு. அதைப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியவர் கரையேறினார். மழையிலோ குடிசைத் தீயிலோ இழந்தவர், உழைத்த உழைப்பு ஒன்றாகவே இருந்தும், வெளியே நின்றார். ஒரு மனிதருடைய பத்தாண்டு உழைப்பு ஓர் அட்டையில் தொங்கியது வேதனைக்குரியதே. ஆனால் அட்டை இருந்ததனாலன்றோ அந்த உரிமையும் பிறந்தது?

இனி இக்காலத்து நிலைமைக்கு வருவோம். 1965-ல் உற்பத்தி தொடங்கிய பாரத மிகுமின் நிறுவனத்தின் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் தொழிற்சாலையும், அதை நம்பித் துவாக்குடியிலும் சுற்றுப்புறத்திலும் வளர்ந்த உலோகக் கட்டுமானப் பட்டறைகளும் இவ்வட்டாரத்துத் தொழில் வாழ்வின் நாடியாக இருந்து வருகின்றன. அனல் மின் நிலையங்களுக்கு ஆர்டர் குவிந்த காலத்தில் பட்டறைகளில் ஷிப்டு மாறி ஷிப்டு வேலை நடந்ததையும், சென்ற பத்தாண்டின் நடுப்பகுதியில் ஆர்டர் சுருங்கியபோது பல பட்டறைகள் கதவடைத்ததையும் இவ்வூரார் நன்கு அறிவார்கள். இத்தகைய தொழிலில் ஆட்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவது தவிர்க்க முடியாதது என்பதை நான் மறுக்கவில்லை. ஆர்டர் ஏறினாலும் இறங்கினாலும் மாறாத வேலைகளிலும் காண்ட்ராக்ட் புகுந்ததே விசித்திரம். பொதுவாகப் பெரிய ஆலைகளில் காணும் நடைமுறை இது: இரண்டாண்டுக்கு ஒருமுறை டெண்டர் விடுவார்கள், காண்ட்ராக்டர் மாறுவார், ஆட்கள் மாறுவதில்லை. அதே ஆள், அதே இயந்திரத்தடியில், புதிய சட்டையின் முதுகில் புதிய பெயருடன் மறுநாளும் நிற்பார். குறைந்தபட்சக் கூலி சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்டிருக்க, காண்ட்ராக்டர்கள் போட்டியிட எஞ்சியிருப்பது தங்களுடைய சேவைக் கட்டணம் ஒன்றே. அதைப் பூஜ்யத்தை ஒட்டிக் குறைத்து டெண்டரைப் பிடிப்பவர் எங்கிருந்து பிழைக்கிறார் என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். சீருடைப் பிடித்தமும் விடுபட்ட ஓவர்டைமும் கட்டாமல் விட்ட பி.எஃப். தவணையும் அவ்விடத்தில்தான் பிறக்கின்றன.

துண்டுபட்ட கணக்கினால் விளையும் நஷ்டம் பெரும்பாலும் கூலியில் தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். மாதத்துக்கு 12 நாள் வேலை பெற்றவருக்கு ஆறு மாதத்தில் 72 நாள் ஆகிறது. ஒவ்வொரு முறையும் கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கப்பட்டும், ஆறு நாள் குறைந்ததனால் அவர் காய்ச்சலில் படுத்தால் உதவித்தொகை இல்லை. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர் சேவையைக் கேட்டது. இரண்டிரண்டு ஆண்டுகளாக ஐந்து காண்ட்ராக்டர்களிடம் பத்தாண்டு உழைத்தவருக்கு எந்தக் காண்ட்ராக்டரிடமும் ஐந்தாண்டு நிறையவில்லை. அதே சமயத்தில், 2014-ல் வந்த பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண் காண்ட்ராக்டர் மாறினாலும் மாறாமல் தொழிலாளியைத் தொடர்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு ஒரே எண் போதுமானால், பணிக்கொடைக்கும் அனுபவத்துக்கும் ஏன் போதாது? தடையாக இருப்பது தொழில்நுட்பம் அன்று.

சட்டங்கள் இந்நோயைக் கண்டும், மருந்தை வேறிடத்தில் தடவின. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், வேலை நிரந்தரத் தன்மையுடையதா, ஸ்தாபனத்துக்கு இன்றியமையாததா என்றெல்லாம் ஆராய்ந்து ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் தடைசெய்த பின் அந்த ஆட்களின் கதி என்ன என்று அது சொல்லவில்லை. தாமாகவே நிரந்தரமாகிவிடுவதில்லை என்று 2001-ல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தடை கேட்பதே தற்கொலையாயிற்று. அரசுத் துறைகளில் 2006-ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பு நிரந்தரமாவதற்கு எஞ்சிய வாயிலையும் ஏறக்குறைய அடைத்தது. நெடுங்காலம் வேலை வாங்கிவிட்டு அத்தீர்ப்பையே கேடயமாகப் பிடிப்பது தகாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்தது ஓரளவு ஆறுதல். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டமோ, 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவர் நிரந்தரமாவார் என்று துணிந்து கூறியது. நோக்கம் உயர்ந்ததே, எனினும் நிரந்தரத்துக்கு ஓர் எண்ணை வரம்பாக வைத்தவுடன், அந்த எண்ணுக்கு முன்பே ஆளை நிறுத்தும் பிரேக் என்னும் வழக்கம் பரவியதில் வியப்பில்லை. உரிமை அனைத்தும் ஒரே நாளில் பிறக்குமாயின் அதற்கு முந்தின நாளே ஆபத்தான நாளாகிவிடுகிறது. உழைத்த ஒவ்வொரு நாளுக்கும் அதற்குரிய அளவில் உரிமை சேருமாயின், பிரேக் கொடுத்து முதலாளி மிச்சப்படுத்துவதற்கு ஒன்றும் இராது.

எல்லாத் தற்காலிகத் தொழிலாளரும் இரங்கத்தக்கவர் என்று கொள்வதும் தவறு. 1975-ல் பி.எச்.இ.எல். வளாகத்தில் நிறுவப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும், அழுத்தக் கொதிகலன் குழாய்களை ஒட்டுவதற்குத் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறும் கட்டாயமும், இவ்வூர் வெல்டர்களில் ஒரு பகுதியினரை வேறு வகுப்பினராக்கிவிட்டன. அத்தகைய வெல்டரின் சான்றிதழ் அவர் பையில் இருக்கிறது. இங்கே ஆர்டர் வற்றினால் அவர் கல்ஃபுக்கு விமானம் ஏறுகிறார். ஷட்டவுன் வேலை முடிந்து இரண்டு மாதம் ஊரில் தங்குவதை அவர் வேலையின்மை என்று கருதுவதில்லை. நிரந்தர வேலை கொடுத்தாலும் சிலர் மறுப்பார்கள். அந்த வெல்டருக்கு ராடு எடுத்துக் கொடுக்கும் ஹெல்ப்பரோ பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் ஹெல்ப்பர்தான். அவர் கற்றதை எழுதி வைத்தவர் எவருமில்லை.

வேலையில்லா நாளின் நஷ்டத்தைப் பங்கிடும் யோசனை தொழிலைக் கெடுக்கும் என்று ஆட்சேபிப்பவர்களுக்கு நம் துறைமுகங்களின் அனுபவம் இரு புறமும் பேசக்கூடியது. 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவருக்கு, கப்பல் வராத நாளிலும் வந்து கையெழுத்திட்டால் வருகைப்படி கிடைத்தது. மாதத்துக்குக் குறைந்தபட்ச நாள்களுக்கான கூலியும் உறுதியாயிருந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஸ்டீவடோர்கள் பலர் சேர்ந்து ஒரு பொது நிதியில் பணம் கட்டியதனால் எவர் மீதும் பாரம் தனியாக விழவில்லை. பின்னர் கண்டெய்னர் வந்து ஆள் தேவை சுருங்கியபோது அந்தப் பட்டியலே பாரமானதும் உண்மை. துவாக்குடிப் பட்டறைகள் தனித்தனியே இதைச் செய்ய இயலாது. சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் வைப்பது, அதைக் காலந்தோறும் திருத்துவது, இயலாத காரியம் அன்று என்பது என் அபிப்பிராயம். செயலித் தொழிலாளருக்காக 2023-ல் நல வாரியம் அமைத்த மாநிலம் வெல்டர் உதவியாளருக்கும் அதைச் செய்யலாம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இக்கேள்வியைப் புதிய இடத்துக்கு நகர்த்தியிருக்கின்றன. ஒப்பந்தச் சட்டம் பொருந்துவதற்கான ஆள் எண்ணிக்கை இருபதிலிருந்து ஐம்பதாக உயர்ந்தது. ஆகவே சிறிய காண்ட்ராக்டர்கள் பலர் கண்காணிப்புக்கு வெளியே போவார்கள். பிரதானப் பணியில் ஒப்பந்த முறைக்குத் தடை உண்டு. விதிவிலக்குகளோ தடையை விட நீளமானவை. இவற்றைவிட முக்கியமானது, குறித்த கால நியமனத்தில் நேரடியாகச் சேர்க்கப்படுபவருக்கு நிரந்தர ஊழியருக்குச் சமமான கூலியும், ஓராண்டுச் சேவைக்கே விகிதாசாரப் பணிக்கொடையும் உண்டு என்ற ஏற்பாடு. இதனால், ஆள் தருவதைத் தவிர வேறொன்றும் செய்யாத இடைத்தரகரின் தேவை வரும் ஆண்டுகளில் குறையும் என்றும், சம்பளப் பட்டியலும் பி.எஃப். கணக்கும் ஒழுங்காக நடத்தத் தெரிந்த பெரிய ஸ்டாஃபிங் கம்பெனிகளே நிலைக்கும் என்றும் எதிர்பார்க்கிறேன். 1981-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் குறித்த கால நியமனத்தோடு எவ்வாறு இணங்கும் என்பது நீதிமன்றங்களில் தீர வேண்டிய வழக்கு. அதற்கு முன்பே, பிரேக்கில் பழகிய கை பதினொரு மாத நியமனக் கடிதங்களை எழுதத் தொடங்கக்கூடும். அவ்வாறு எழுதப்படுமாயின், ஒரே ஆளின் பெயரில் ஓராண்டு இடைவெளிக்குள் வெவ்வேறு நிறுவனங்கள் செலுத்திய பி.எஃப். பதிவுகளை ஒன்று சேர்த்துப் பார்க்கும் அதிகாரம் தொழிலாளர் உதவி ஆணையருக்கு வேண்டும். பதிவுகள் இப்போதே அரசாங்கத்தின் கணினியில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கடமையை எவருக்கும் எந்த விதியும் இதுவரை விதிக்கவில்லை.