பிழையின் சுமை யாருக்கு? இணையச் சூதாட்ட வெற்றித்தொகை வழக்குகளும் இங்கிலாந்துச் சட்டமும்

பந்தயத்தில் வென்றவர் பணம் கேட்டு வழக்குப் போடும் உரிமையை 1845ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இங்கிலாந்தில் இல்லாமலாக்கியது. பந்தய உடன்படிக்கை செல்லாது என்னும் அதே கொள்கை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தோ 2005இல் இயற்றிய சூதாட்டச் சட்டத்தின் 335ஆம் பிரிவால் அதைக் கைவிட்டது. 2007 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பணம் கேட்கலாமா என்ற கேள்வி போய், ஆட்டக்காரர் வென்றது எவ்வளவு என்ற கேள்வி வந்தது.

இதில் இணையச் சூதாட்ட நிறுவனமான பெட்ஃபிரெட்டுக்கு எதிரான வழக்கு முதன்மையானது. 2018 ஜனவரியில் ஓர் ஆட்டக்காரர் அந்நிறுவனத்தின் பிளாக்ஜாக் ஆட்டமொன்றில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் வென்றார். கணக்கில் தொகை ஏறியது. எடுக்கப் போனபோது நிறுவனம் மறுத்தது. மென்பொருளில் கோளாறு என்றும், கோளாறு நேர்ந்தால் பணம் தரவேண்டியதில்லை என்று நிபந்தனைகளில் எழுதியிருக்கிறது என்றும் சொன்னது. விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்ற உறுதிமொழிக்கு ஈடாக 60,000 பவுண்டு தர முன்வந்தது. கோளாறு உண்மையென்றே நம்பிய நிறுவனத்துக்கு அந்த மௌனம் எதற்குத் தேவைப்பட்டது?

2021 ஏப்ரலில் நீதிபதி ஃபாஸ்டர் முழு விசாரணைக்கே போகாமல் ஆட்டக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நிறுவனம் காட்டிய வாசகங்கள் இத்தகைய கோளாறுக்கு வெற்றித்தொகையை மறுக்கும் அளவுக்குத் தெளிவாக இல்லை. அவை ஆட்டக்காரரின் கவனத்துக்கு முறையாகக் கொண்டுவரப்படவும் இல்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் நேர்மை அளவுகோலிலும் அவை தேறவில்லை. 2025 மார்ச்சில் பேடி பவர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கும் இதே திசையில் முடிந்தது. திரை காட்டியது சுமார் 11 லட்சம் பவுண்டு ஜாக்பாட். நிறுவனம் கொடுத்தது 20,000 பவுண்டு சொச்சம். திரையில் தெரிந்ததே பரிசு என்றார் நீதிபதி ரிட்சி.

ஆனால் இவற்றை வைத்து ஆட்டக்காரர் பாதுகாக்கப்பட்டுவிட்டார் என்று கொள்வது அவசரம். இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில், 2024இல், கேமலாட் லாட்டரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்முடிவு கண்டது. அங்கும் மென்பொருள் பிழையால் திரையில் 10 லட்சம் பவுண்டுக்குரிய எண்கள் பொருந்தித் தெரிந்தன. நிறுவனக் கணினி முன்பே தீர்மானித்திருந்ததோ 10 பவுண்டு. நிபந்தனைகள் ஒழுங்காக வகுக்கப்பட்டு, சொடுக்கிப் படிக்கும் வசதியோடு முன்வைக்கப்பட்டிருந்ததால் அவை செல்லும் என்றது நீதிமன்றம். கேமலாட் ஆட்டத்தில் முடிவு கணினியில் முன்பே இருந்தது, திரை அதை அறிவிக்க மட்டுமே செய்தது என்ற வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆட்டக்காரர் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. ஆக, ஒருவர் பணம் பெறுவதும் இழப்பதும் நிறுவன வழக்கறிஞரின் எழுத்துத் திறனைப் பொறுத்ததாகிவிடுகிறது. பெட்ஃபிரெட் தோற்றது பிழை தன்னுடையது என்பதால் மட்டுமல்ல, நிபந்தனைகளை மோசமாக எழுதியதாலும்தான். அடுத்த நிறுவனம் நன்றாக எழுதிக்கொள்ளும்.

உழைக்காமல் வந்த பணத்துக்கு இவ்வளவு பரிவு ஏன் என்று கேட்கலாம். நிறுவனம் தன் கல்லாவில் சேர்ப்பதும் அதே வகைப் பணம்தான். பிழையை அறிந்தே ஆட்டக்காரர் பயன்படுத்திக்கொண்டார் என்ற எதிர்வாதத்துக்குத்தான் கனமுண்டு. அதற்குச் சட்டம் ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறது. சீட்டுகளின் முதுகிலிருந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு 2012இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் சூதாட்ட விடுதியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் ஐவி வென்ற 77 லட்சம் பவுண்டு அவருக்குக் கிடைக்கவில்லை. அது ஏமாற்று என்று 2017இல் உச்ச நீதிமன்றம் முடித்தது. அங்கே சூழ்ச்சி ஆட்டக்காரருடையது. மென்பொருள் வழக்குகளில் இயந்திரத்தின் உட்புறத்தை அறிந்தவர், சோதித்தவர், திருத்தக்கூடியவர் எல்லாம் நிறுவனத் தரப்பினரே. ஆட்டக்காரருக்குத் திரை மட்டுமே உண்டு.

ஆகவே தீர்வை நிபந்தனை வாசகங்களில் தேடிப் பயனில்லை, உரிமத்தில்தான் தேடவேண்டும். பிரிட்டன் சூதாட்ட ஆணையம் இதற்கு முன்மாதிரி ஒன்றைத் தானே வைத்திருக்கிறது: ஆடவிடுவதற்கு முன்பே அடையாளத்தைச் சரிபார்க்கவேண்டும் என்றும், அப்போதே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் வேளையில் கேட்டு இழுத்தடிக்கக்கூடாது என்றும் 2019 மே முதல் உரிம நிபந்தனையாக்கியது. திரை காட்டிய தொகையை நிறுவனம் தரவேண்டும், பிழையை ஆட்டக்காரர் அறிந்திருந்தார் என்று நிறுவனமே மெய்ப்பித்தாலன்றி மறுக்கக்கூடாது என்ற விதியையும் ஆணையம் உரிமத்தில் சேர்க்கவேண்டும்.