உல்கு முதல் கட்டணம் வரை

வழியில் செல்வோரிடம் பெறும் பொருளுக்கு ஒரு நாடு எப்பெயர் இடுகின்றதோ, அப்பெயர் ஆள்வோர்க்கும் மக்களுக்கும் உள்ள உறவினைக் காட்டவல்லது. பென்னாகரத்திலிருந்து தருமபுரி வழியே நெடுஞ்சாலையில் சேலம் செல்வோர், தொப்பூரை அடுத்த பாளையம் சுங்கச்சாவடியைக் கடக்கின்றனர். அங்குக் கொள்ளப்படுவது சுங்கமா, வரியா, கட்டணமா என்னும் வினாவிற்குச் சொல் வரலாற்றில் விடை தேடலாம்.

பழந்தமிழில் இப்பொருளுக்கு வழங்கிய சொல் 'உல்கு' என்பதாகும். உல்கு பெறும் பெருவழிகளை வில்வீரர் காத்து நின்றமையையும், மிளகுப்பொதி சுமந்த கழுதைகளுடன் வணிகர் அவ்வழியே சென்றமையையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் கூறுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களில் புலிப்பொறி இட்டு உல்கு கொண்டமையை அவரே பட்டினப்பாலையில் காட்டுகின்றார். வள்ளுவரும் உல்குபொருளை வேந்தனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாக எண்ணினார். பெருவழியில் உல்கு கொள்வதும் காவல் தருவதும் ஓரிடத்தே நிகழ்ந்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

'சுங்கம்' என்பது 'சுல்க' என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர். உல்கையும் அதனோடு இயைத்துக் காண்பாருளர். 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பெற்றான். நாடு வென்றமையால் பட்டம் பெற்ற மன்னர் பலர். வரி நீக்கியமையால் பெற்றவர் மிகச் சிலரே. சுங்கம் மக்களுக்கு எத்துணைச் சுமையாயிருந்தது என்பதற்கு இப்பட்டமே சான்று.

தகடூர் நாட்டிற்கும் பெருவழி மரபு உண்டு. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் காதக்கற்கள் 'அதியமான் பெருவழி' என்று பெயர் சுட்டி, நாவற்றாவளத்திற்குரிய தொலைவைக் கூறுகின்றன. எழுத்தறியாதாரும் எண்ணி அறியுமாறு அத்தொலைவு குழிகளாலும் குறிக்கப்பட்டுள்ளது. வழிச்செல்வோரை மதித்த ஆட்சியின் அடையாளம் அது.

ஆங்கிலேயர் காலத்தில் 'டோல்கேட்' என்னும் சொல் வந்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்தும் சென்னையிலும் பழைய வாயில்கள் மறைந்த பின்னரும் அப்பெயர் ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது. கோயம்புத்தூரிலும் 'சுங்கம்' என்றொரு பகுதி உண்டு.

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் இதனைக் 'கட்டணம்' என்றே வழங்குகின்றது. 1995இல் செய்யப்பட்ட திருத்தம் தனியாரும் அதனைத் திரட்ட வழிவகுத்தது. 2008ஆம் ஆண்டு விதிகளும் கட்டணம் என்றே பேசுகின்றன. மக்கள் நாவிலோ சுங்கமும் டோலுமே வழங்குகின்றன.

இவ்வேறுபாடு வெறும் சொல்வேறுபாடு அன்று. வரி பொதுநன்மைக்குரியது, இன்ன பயன் தருக என ஒருவர் அதற்கு ஈடு கேட்டல் இயலாது. கட்டணமோ பெற்ற பயனுக்குரிய விலை. பயன் குறையின் வினவும் உரிமை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம், சாலை சீர்கெட்டமையைக் காட்டித் திருச்சூர் மாவட்டத்துப் பாலியேக்கரைச் சாவடியில் கட்டண வசூலை நிறுத்திவைத்தது; உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

2021 முதல் 'ஃபாஸ்டேக்' கட்டாயமாயிற்று. பணம் இன்று சொல்லின்றியே கைமாறுகின்றது. வாய்திறந்து வினவும் வாய்ப்பும் அருகிவிட்டது. பாளையத்தை அடுத்த தொப்பூர்க் கணவாயோ விபத்துகளுக்குப் பெயர்பெற்ற இடம். உல்கு கொண்ட இடத்தில் வில்வீரர் காவல் நின்றனர். கட்டணம் கொள்ளும் இடத்தில் அக்காவலுக்கு ஈடாக நிற்பது யாது என வினவுதல், தகடூர் நாட்டு மக்களின் உரிமையாகும்.