காணொளி மறுஆய்வு விவாதம் (இந்தியக் கால்பந்து)

கால்பந்தில் களநடுவர் எடுத்த முடிவை, வெளியே ஓர் அறையில் ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்துச் சரிபார்ப்பவர் காணொளி உதவி நடுவர், சுருக்கமாக வி.ஏ.ஆர். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாற்றி அட்டை காட்டுதல் ஆகிய நான்கில் மட்டுமே அவர் தலையிடலாம் என்பதே தொடக்க விதி. அதிலும் தவறு பளிச்சென்று தெரிய வேண்டும். கடைசி முடிவு களநடுவருடையது. 2016-ல் சோதனை தொடங்கி, 2018 மார்ச்சில் ஆட்ட விதிகளில் சேர்ந்து, அதே ஆண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் இம்முறை முழுமையாகப் பயன்பட்டது. சென்னையைச் சேர்ந்த கோமலீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் துணை நடுவராகக் கோட்டோரம் ஓடியபோது அவருக்குத் துணை கண்ணும் கொடியும்தான்.

இந்தியாவில் இந்த விவாதத்தை வீட்டுத் திண்ணை வரை கொண்டுவந்தது தோஹா ஆட்டம். 2024 ஜூன் 11, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, எதிரணி கத்தார். வென்றால் வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் சுற்று. 37-ஆம் நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்தே கோல் அடித்து இந்தியாவை முன்னே கொண்டுபோனார். 73-ஆம் நிமிடத்தில் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்த பந்து உருண்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது. கார்னர் என்று எண்ணி இந்திய வீரர்கள் நின்றுவிட்டார்கள். கத்தார் வீரர் ஒருவர் வெளியே போன பந்தை உள்ளே இழுத்துவிட, யூசுப் அய்மன் வலைக்குள் தள்ளினார். தென்கொரிய நடுவர் கிம் வூ-சுங் கோல் என்றார். தொலைக்காட்சி மறுஒளிபரப்பில் பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, பார்க்க வேண்டிய ஒருவருக்குக் காட்ட வழியில்லை. அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது. ஐந்து மாதம் முன்னால், அதே கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் எல்லா ஆட்டங்களுக்கும் இருந்தது. 85-ஆம் நிமிடத்தில் கத்தார் இரண்டாவது கோலும் போட்டது.

இதற்கு முந்தைய சர்ச்சை வேறு ரகம். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வெளியேற்றச் சுற்று. கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருக்கையில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்து கோலாக்கினார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியை வெளியே அழைத்துப் போய்விட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம்; அவருக்கு 10 ஆட்டத் தடை. வி.ஏ.ஆர். வேண்டும் என்ற குரல் அப்போதே பலமாக எழுந்தது. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தோஹாவில் கேள்வி, பந்து எங்கே இருந்தது. அதற்குக் கேமரா பதில் சொல்லும். பெங்களூருவில் கேள்வி, உடனே அடிக்க நடுவர் அனுமதித்தாரா என்பது. எந்தக் கோணத்தில் படம் பிடித்தாலும் அது அவர் மனசுக்குள்தான் இருக்கும்.

எதிர்ப்பவர்களிடமும் சரக்கு இருக்கிறது. ஆட்டம் நின்று நின்று போகிறது, ஆஃப்சைடு அங்குலக் கணக்காகிவிட்டது, கோல் விழுந்தாலும் துள்ளிக் குதிக்கப் பயமாக இருக்கிறது என்கிறார்கள். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் அடித்த சரியான கோல் ஆஃப்சைடு என மறுக்கப்பட்டது. களத்தில் கோல் கொடுத்தாயிற்று என்று தவறாக நினைத்த அறை நடுவர், 'சரி' என்று சொல்ல, ஆட்டம் தொடர்ந்துவிட்டது. ஆனாலும், வி.ஏ.ஆரை ஒழிக்க உல்வர்ஹாம்ப்டன் கிளப் கொண்டுவந்த தீர்மானம் 2024 ஜூனில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 19-1 எனத் தோற்றது.

நம் வாசகருக்கு இது கிரிக்கெட்டில் பழகிய கதை. டி.ஆர்.எஸ். முறை 2008-ல் கொழும்பில், இந்தியா-இலங்கை டெஸ்டில் முதலில் சோதிக்கப்பட்டது. அதன்பின் 2016 வரை இந்திய வாரியம் முரண்டு பிடித்தது. கிரிக்கெட்டில் தடை நம்பிக்கையின்மை. கால்பந்தில் தடை காசு. ஐ.எஸ்.எல். 2024-25 பருவம் வரை வி.ஏ.ஆர். இல்லாமலே நடந்தது. கேமரா குறைந்த 'வி.ஏ.ஆர். லைட்' பற்றி அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பேசியதுண்டு. இதைவிட எளிய முறை ஒன்றை ஃபிஃபா 2024-ல் மகளிர் இளையோர் உலகக் கோப்பைகளில் சோதித்தது: தனி அறை வேண்டாம், பயிற்சியாளர் இருமுறை மறுஆய்வு கேட்கலாம், களநடுவரே திரையைப் பார்த்து முடிவெடுப்பார். நம் லீக்குகளுக்குத் தோதானது இதுவே.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதி. கண்மாய் வற்றினால் அதுவே மைதானம், ஊன்றிய இரண்டு கம்புதான் கோல். அங்கே ஆட்டத்தை முடித்துவைக்க ஒரு விசில் போதும். பந்து வெளியே போனால் கோட்டருகே நிற்கும் பெரியவர் கத்தியே நிறுத்திவிடுவார்.

தோஹா கோல் குறித்து விசாரிக்கும்படி சம்மேளனம் ஃபிஃபாவிடம் முறையிட்டது. முடிவு மாறவில்லை, பதிவேட்டில் கத்தார் 2, இந்தியா 1. அந்தப் பிரிவிலிருந்து கத்தாருடன் அடுத்த சுற்றுக்குப் போனது குவைத்.