பூட்டு விழுந்த இடம்: கருப்பை வாய்ப் புற்றுநோயில் வைரஸும் மெத்திலேற்றமும்

பாவூர்சத்திரத்துக்கு வெளியூரில் பெயர் வாங்கித் தந்தது காய்கறிச் சந்தை. சுற்றுப்பட்டு ஊர்களில் அடுப்பெரிய வைப்பது பீடி. திண்ணையில் அமர்ந்து மடியில் தட்டை வைத்து இலை சுருட்டும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மருத்துவச் சோதனைக்கென்று எழுந்துபோன நேரத்துக்கும் காசில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயின் மூலக்கூறு ஆய்வு நடந்துவந்த வழியை இந்தத் திண்ணையிலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

டி.என்.ஏ.வில் குவானினுக்கு முன்னால் நிற்கும் சைட்டோசின்மேல் சிறு மெத்தில் தொகுதி ஏறி உட்காருவதே மெத்திலேற்றம். எழுத்து மாறாது, மரபணுவின் வாய் அடைபடும். இதை மரபணுவின் பூட்டாக 1975இல் ஆர்தர் ரிக்ஸும், தனியே ராபின் ஹாலிடே, ஜான் பியூ இருவரும் முன்மொழிந்தார்கள். வைரஸ் இந்த ஆய்வுக்குள் சீக்கிரமே நுழைந்துவிட்டது. உயிரணுவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்ட அடினோவைரஸ் மரபணுக்களில் மெத்திலேற்றம் மிகுந்தவை அடங்கிக் கிடப்பதை ஜெர்மனியில் வால்டர் டோர்ஃப்லரின் குழு 1980இல் காட்டியது. வந்தேறியின் வாயை உயிரணு பூட்டுகிறது. ஆக, பூட்டு முதலில் தற்காப்பாகவே தெரிந்தது.

1983இல் இரண்டு கண்டுபிடிப்புகள். ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு கருப்பை வாய்ப் புற்றில் பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையைக் கண்டது. ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டீனும் புற்று உயிரணுக்களில் மெத்திலேற்றம் நிலைகுலைந்திருப்பதைக் கண்டார்கள். இந்த இரு ஓடைகளும் கலக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. வைரஸின் ஈ7 புரதம், மெத்தில் ஏற்றும் நொதியான டி.என்.எம்.டி.1ஐ நேரே பற்றி அதன் வேலையை முடுக்குகிறது என்று 2007இல் பிரசல்ஸ் ஆய்வகம் ஒன்று வெளியிட்டது. அதே ஈ7, உயிரணுப் பெருக்கத்துக்குத் தடை போடும் ஆர்.பி. புரதத்தை முடக்கும்போது அந்த நொதியின் உற்பத்தியும் கூடுகிறது. புற்றைத் தடுக்கும் மரபணுக்கள்மீதே பூட்டு விழ இப்படி வழி பிறக்கிறது.

கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பர்ணாலி பட்டாச்சார்ஜியும் சர்மிளா சென்குப்தாவும் 2006இல் வெளியிட்ட ஆய்வை நான் இதற்கும் மேலாக மதிக்கிறேன். வைரஸின் ஈ2 புரதம் அதன் புற்றுப் புரதங்களான ஈ6, ஈ7 இரண்டுக்கும் கடிவாளம். வைரஸ் டி.என்.ஏ. மனித டி.என்.ஏ.வுக்குள் நுழையும்போது ஈ2 மரபணு உடைந்துபோகிறது, அதனால் கடிவாளம் அறுகிறது என்பதே அதுவரை பெரிதும் சொல்லப்பட்ட விளக்கம். ஈ2 உடையாத புற்றுகள் எப்படி வந்தன? ஈ2 வந்து அமர வேண்டிய இடத்திலேயே மெத்தில் ஏறியிருப்பதற்கும் அத்தகைய புற்றுகளுக்கும் தொடர்பு இருப்பதை இருவரும் காட்டினார்கள். மெத்தில் ஏறிய இடத்தில் ஈ2 சரிவர அமராது. டோர்ஃப்லர் கண்ட அதே பூட்டு, இங்கே கடிவாளம் பிடிக்கும் கையில் விழுந்திருக்கிறது. தற்காப்புக்கும் கேட்டுக்கும் இடையே சில எழுத்துத் தூரம்தான்.

தமிழ்நாட்டின் பங்கு வேறு வகை. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த சோதனையில், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, அங்கே வெளுக்கிறதா என்று செவிலியர்கள் கண்ணால் பார்த்தார்கள். நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. எளிய முறை, பெரிய பயன். ஆனால் தீங்கற்ற புண்ணும் அமிலத்தில் வெளுக்கும். வைரஸ் சோதனைக்கும் இதுபோல ஒரு குறை உண்டு: தொற்று கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அது ஓரிரு ஆண்டில் தானே மறைந்துவிடும். யாருக்கு மறையும், யாருக்கு முற்றும் என்பதைப் பிரிக்கத்தான் மெத்திலேற்றம் உதவுகிறது. எஃப்.ஏ.எம்.19ஏ4, மிர்124-2 என்னும் இரு மரபணுக்களில் பூட்டு எவ்வளவு விழுந்திருக்கிறது என்று அளக்கும் சோதனை ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

இந்தச் சோதனையில் மாதிரியைப் பைசல்ஃபைட் கரைசலில் இட்டால் மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறும், மெத்தில் ஏறியது மாறாது. பிறகு அந்த வேறுபாட்டை, கொரோனா காலத்தில் ஊரறிந்த பி.சி.ஆர். கருவி படித்துவிடும். வைரஸ் சோதனைக்குப் பெண் தானே எடுத்துக் கொடுத்த அதே மாதிரியிலேயே இதையும் செய்யலாம். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவள் உடனே இரண்டாம் முறை பேருந்து ஏற வேண்டியது, பூட்டு விழுந்திருந்தால் மட்டும்தான்.