உச்சிக்குடும்பனும் ஒரு கிணறும்

போன மாதம் என் பேரன் கைப்பேசியில் ஒரு பொம்மை நாடகத்தைக் காட்டினான். 2011-ஆம் வருஷம் இங்கிலாந்தில் இருவர் தொடங்கிய தொடராம். பஞ்சுப் பொம்மைகள் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடிப் பாடம் சொல்கின்றன. சிரித்துக்கொண்டே பார்த்தேன். கடைசியில் கேக்கை வெட்டினால் உள்ளே பச்சை இறைச்சி!

“உங்க காலத்துல இந்த மாதிரி உண்டா, தாத்தா?” என்றான் பெருமிதத்தோடு.

உண்டு. இதைவிடப் பயங்கரமாக உண்டு.

அவனியாபுரம் இன்று மதுரை மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. 1950-களில், என் சிறு வயதில், அது வயலும் கண்மாயுமாகக் கிடந்த ஊர். அறுப்பு முடிந்த களத்தில் தோல்பாவைக் கூத்துக்காரர் கொட்டகை போடுவார். வெள்ளைத் திரை, அதன் பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் துளையிட்டுச் சாயம் தீட்டிய பாவைகள். ராமனுக்கும் ராவணனுக்கும் குரல் கொடுப்பவர் ஒரே மனிதர். இந்தக் கலையை நடத்தி வந்த மண்டிகர்கள் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். 1676 முதல் 1855 வரை தஞ்சையில் இருந்த மராட்டிய அரசோடு சேர்த்தே அவர்கள் வருகையைச் சொல்வது வழக்கம்.

எங்களுக்கு ராமனைவிட வேண்டியவர்கள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனுந்தான். ஒருவனுக்குக் குடுமி, மற்றவனுக்குப் பெருந்தலை. அவர்கள் அடித்துக்கொண்டால் களமே உருளும்.

அப்படிச் சிரித்த ஓர் இரவில்தான் நல்லதங்காள் வந்தாள். பஞ்சத்தில் பிழைக்க வழியின்றி, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள். அண்ணன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரி விரட்டிவிட, பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடுகிறாள். கடைசியாக மிஞ்சிய பிள்ளை, ‘மாடு மேய்த்தாவது பிழைக்கிறேன், விட்டுவிடம்மா’ என்று கெஞ்சினான். சற்று முன்பு உச்சிக்குடும்பனுக்குப் பேசிய அதே தொண்டைதான் இப்போது அந்தப் பிள்ளைக்காக அழுதது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

குழந்தையை வீசியெறிகிற பொம்மை சீமையிலும் உண்டு. லண்டன் கோவென்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததாக சாமுவேல் பெப்பீஸ் 1662-ல் நாட்குறிப்பு எழுதினார். அந்த வழியில் வந்த பஞ்ச் என்ற கோமாளி கைக்குழந்தையைச் சன்னல் வழியே எறிவான், கூட்டம் சிரிக்கும். அங்கே கொல்கிறவனே கோமாளி. நம் கூத்தில் கோமாளிக்குக் கொலையில் பங்கில்லை. நல்லதங்காள் வரும்போது அவன் போய்விடுகிறான். நம்மைச் சிரிக்கவைத்தவன் நம்மைக் காப்பாற்ற வரவில்லை என்பதே பிள்ளை மனசுக்குப் பெரிய அடி.

பிள்ளைகளுக்கு ஏன் இதைக் காட்டினார்கள்? மறுநாள் அப்பத்தாவிடம் சண்டை போட்டேன். அவள் தன் தாயார் சொன்னதைச் சொன்னாள். தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பஞ்சம் அது. அவள் தாயார் அப்போது சிறுமி. கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். பஞ்சம் முடிந்தபோது அவள் ஒருத்திதான்.

“மத்த நாலு பேரும் என்ன ஆனாங்க, அப்பத்தா?”

“எங்காத்தா அதைச் சொன்னதே இல்லடா. கூத்துல நல்லதங்கா வந்தா மட்டும் எந்திரிச்சுப் போயிரும்.”

வத்திராயிருப்புக்குப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. கொலைகாரியைக் கும்பிடுகிறார்களே என்று பிற்பாடு யாராவது கேலி செய்தால், எனக்கு அந்த எழுந்து போன சிறுமியின் நினைவு வரும்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் கைப்பேசியை அணைத்துவிட்டு, “அந்தக் கோமாளி திரும்பி வந்தானா, தாத்தா?” என்று கேட்டான்.

வந்தான். கூத்து முடிந்ததும் உச்சிக்குடும்பன் திரையில் வந்து, நாளைக்குப் பட்டாபிஷேகம், எல்லாரும் வாருங்கள் என்றான். அன்று யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் எல்லாரும் போனோம்.